மாடிப்படியில் சாவிச் சத்தம்

சின்னவளுக்கு,

நீ எடுத்த படத்தைப் பார்த்துவிட்டேன். டிரெய்லர் வந்த அன்று, இவ்வளவு ஆபாசமா என்று போனில் நான் கத்தியதை மறந்துவிடு.

தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் கடைசி வரிசைக்குப் போனால், அங்கே உன் அத்தை. "அண்ணே, நீங்களுமா?" என்றாள். அரைமணி நேரம் இருவரும் திரையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தோம். குளியலறைக் காட்சியில் அவள்தான் முதலில் சிரித்தாள். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

விடுதி வார்டன் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பார்த்த அதே வேலை, அதே தொப்பை, அதே சாவிக்கொத்து. சாவியை ஆட்டிக்கொண்டே மாடியேறி ஒருவனையும் பிடிக்கத் தெரியாத மடையன் என்று தியேட்டரில் கைதட்டினார்கள். அப்போது படத்தில் ஒரு பையன் சொன்னான்: "நாம எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கட்டும்னுதான்டா அவரு சாவிய ஆட்டுறாரு."

முப்பது வருஷத்தில் இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வருகிறேன். படியேறும்போது சாவியை ஆட்டுவேன், பழக்கதோஷம். அதற்காக, உன்னோடு தங்கியிருப்பவரை ஒளித்து வைக்க வேண்டாம்.

அப்பா