சிரிக்காத படம்

கொழும்பு,
12.08.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். பாணும் பருப்பும் தின்று கொழுத்துவிட்டேன். அப்பா என்னை விரட்டும்போது துடுப்பால் அடித்த தோள் இப்போது மழைக்கு மட்டும்தான் நோகிறது. ஒரு பெடியனை விரும்புகிறேன் என்று சொன்னதைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் போனை அப்பா வாங்கி வைத்திருக்கிறாராம். அதனால் இதைப் பக்கத்து வீட்டு ஜூலியானா அக்காவின் விலாசத்துக்குப் போடுகிறேன். தங்கச்சிக்குச் சிலாபத்தில் கலியாணம் பொருந்திவிட்டது என்று அவர்தான் சொன்னார். நிஷாந்தினி கோயிலுக்குள் நடந்து போவதை நான் பார்க்க வேண்டும், அம்மா. பின்வரிசையில் நின்றுவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிவிடுவேன். "வா" என்று ஒரு சொல் எழுதுங்கள்.

அன்பு மகன்
தினுஷன்

கற்பிட்டி,
28.08.2023

என் செல்ல மகன் தினுஷனுக்கு,

அன்னம்மாள் துணையால் எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அடுப்படியில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. இருமல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடி.

அம்மாவைக் கோபிக்காதே. பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் தாய், "மூத்தவர் எங்க, காணல்லையே?" என்று கேட்டா. அப்பா யோசிக்கவே இல்லை. "ஆழ்கடலுக்குப் பலநாள் படகில மீன்பிடிக்கப் போனவன், திரும்பி வரல்ல" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அந்த மனுசி எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, மகனே.

கடலில் போனவனுக்கு எங்கள் ஊரில் யாரும் பெட்டி கேட்பதில்லை, குழி கேட்பதில்லை. அது வசதியாகப் போயிற்று. போன ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமியார் செத்தவர்களோடு உன் பெயரையும் வாசித்தார். ஜூலியானாவைத் தவிர ஊருக்கும் அதே கதைதான். நீ வந்து நின்றால் தங்கச்சியின் கலியாணம் நின்றுபோகும். வராதே.

இன்னொன்று. சுவரில் மாட்ட, தலவில அன்னம்மாள் கோயில் பெருநாளில் எடுத்த படம்தான் இருக்கிறது. அதில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சிரிக்காத படம் ஒன்று அனுப்பு, ராசா.

உன் அம்மா

கொழும்பு,
04.09.2023

அம்மாவுக்கு,

படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அடையாள அட்டைக்கு எடுத்தது. அங்கே சிரிக்க விடமாட்டார்கள். சின்னதுதான், சட்டம் போடுகிறவர் பெருப்பித்துத் தருவார்.

அப்பா அடித்தது நொந்தது. நீங்கள் தட்டோடு நின்றது அதைவிட நோகிறது. "இல்லை, என் பிள்ளை இருக்கிறான்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே.

கலியாணத்துக்கு வரமாட்டேன். கடிதம் மட்டும் போடுவேன். செத்தவனுக்கு வேறு என்ன வேலை?

தினுஷன்

கற்பிட்டி,
20.01.2025

தினுஷனுக்கு,

நீ பிறகு போட்ட ஆறு கடிதமும் கிடைத்தன. வாசித்துவிட்டு அடுப்பில் வைத்தேன். படம் முன் அறையில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொள்வார். நல்ல பிள்ளை.

நிஷாந்தினிக்கு மகன் பிறந்திருக்கிறான். உன் மூக்கு. நேற்று ஞானஸ்நானம் கொடுத்தோம். கடலில் போன மாமனின் பெயர்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையே விரும்பி வைத்தார். தங்கச்சி வாய் திறக்கவில்லை.

தினுஷன் என்று கூப்பிட இந்த வீட்டில் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறான். இனி அந்தப் பெயரில் கடிதம் போடாதே.

கத்தரினா