சம்பந்தி சுற்றிய காயில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே ஏதோ காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வயிற்றெரிச்சல், இரண்டும் மருந்துக்குக் கட்டுப்படவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமனார் சுகமாக இருப்பது வீடியோவிலேயே தெரிகிறது.

அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் நேரம் போக நீ ஆன்லைனில் கிட்டார் பிக்கப்பும் குமிழும் திருகும் விற்கிறாய் என்று தெரிந்ததும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிக்கப் என்றால் என்ன என்று கேட்டவர்களிடம், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிக் காயில், மேலே தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும், நம் கடையில் மோட்டாருக்குச் சுற்றுகிற அதே சமாச்சாரம்தான் என்று பெருமையாக விளக்கினேன். உன் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு சம்பந்தி காயில் சுற்றுகிறார். கீழே 'எங்கள் குடும்பத்தின் கைவேலை' என்று போட்டிருக்கிறாய். வங்கியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்ற மனிதர் அவர். மோட்டார் சுற்றிச் சுற்றி விரலில் ரேகை தேய்ந்துபோனவன் நான். அப்படியானால் நான் எந்தக் குடும்பம்? உன் அம்மாவிடம் புலம்பினேன், "அவரு பக்கத்துல இருக்காரு, உதவுறாரு, இதுக்குப் போயி சின்னப்புள்ள மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்று அடுப்பைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள். பொறாமைதான் மகளே. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். எதிர்க்கடைத் தையல்காரர் பெயரில், அவருடைய தங்கை வீட்டு விலாசத்துக்கு, உன்னிடமே ஒரு பிக்கப் வரவழைத்தேன். சம்பந்தியின் வேலையில் குறை கண்டுபிடித்து உனக்கு எழுதவேண்டும் என்பதுதான் என் எண்ணம். மீட்டர் வைத்தால் முள் சரியான அளவில் ஆடாமல் நின்றது. மேல்மூடியைக் கழற்றினால் கம்பி ஒரு சீராகப் படுத்திருந்தது. குறை இல்லை என்பது இன்னும் எரிந்தது. இதை நான் இதைவிட நன்றாகச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கம்பி நுனியைப் பிடித்தேன், தலைமுடியைவிட மெல்லிசு, என் கட்டைவிரல் பட்டதும் அறுந்தது. நம் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன், திரும்பத் திரும்ப அறுந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர், "சம்பந்தி கை ஒங்க கையவிடப் பதமா இருக்கும்போல" என்றார். அன்றைக்கு அவரோடு டீ குடிக்கப் போகவில்லை.

பிரித்ததையெல்லாம் பெட்டியில் அள்ளிப் போடும்போதுதான் அந்த நூல் கண்ணில் பட்டது. டேப் ஒட்டி முடித்துவிடாமல், நான் மோட்டாருக்குக் கட்டுவதுபோல மெழுகு நூலால் கட்டி, முடிச்சை உள்பக்கம் தள்ளியிருந்தது. முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது. என்னைப்போல இடக்கைக்காரன் போடுகிற முடிச்சு அது. நீ வலக்கைக்காரி, ஆனால் கடையில் ஸ்டூல் போட்டு என் கையையே பார்த்துப் பழகியதால் அந்த முடிச்சுக்கு மட்டும் கை மாற்றுவாய். உடனே வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். சம்பந்தி வலக்கையால்தான் எல்லாம் செய்கிறார். முடிச்சு வந்ததும் நூலை இடக்கைக்கு மாற்றி, தடுமாறி, நாக்கைக் கடித்துக்கொண்டு போடுகிறார். நீ சொல்லிக்கொடுத்தபடி செய்கிறார், ஏன் மாற்றுகிறோம் என்று அவருக்கே தெரியாது. உன்னையும் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன் அம்மாவிடம் வார்னிஷ் நெடி என்று சொல்லிவைத்தேன்.

பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதே, பாதி இருக்கிறது. அந்த மெல்லிய கம்பியில் கொஞ்சம் அனுப்பி வை, என் கையும் பழகட்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, ஈயம் பற்றவைக்கும்போது ஜன்னலைத் திறந்துவை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்டு வாழவேண்டும், உன் கடையும் ஓங்கவேண்டும். சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல். வீடியோவை மாற்றவேண்டாம், அவர் முடிச்சுப் போடும் இடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகக் காட்டு.

இப்படிக்கு,
உன் இடக்கை அப்பா