முளைத்து நடந்தவை

ஜனவரி 8

கும்பிடுபூச்சிக்கு இன்னொரு கூண்டு வேண்டுமாம். என் குச்சிப்பூச்சியின் கூண்டைக் கேட்கிறார் மேலாளர். "கும்பிடுபூச்சி முன்னாடி கூட்டம் நிக்குது. உங்க குச்சிய யார் பாக்குறா? கண்ணுக்கே தெரியல."

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதானே ஐயா அதன் திறமை! இந்தப் பூச்சிக் காட்சிசாலையில் குச்சிப்பூச்சி என்று மிச்சம் இருப்பதே அந்த ஒரு கிழவிதான். அவள் போனால் கூண்டும் போகும். அவள் இடும் முட்டை பொரிந்தால்தான் உண்டு.

ஜனவரி 9

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பலகை எழுதினேன். கும்பிடுபூச்சி அசையாமல் நிற்பது அடிப்பதற்கு. குச்சிப்பூச்சி அசையாமல் நிற்பது பிழைப்பதற்கு. கும்பிடுபூச்சி நுரைக்கூட்டில் முட்டையைப் பொத்தி வைக்கும். சமயத்தில் கட்டியவனையே தின்றுவிடும். குச்சிப்பூச்சிக்கு ஆணே தேவையில்லை. தனியாகவே முட்டையிட்டு, விதை மாதிரி ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்த்துவிடும்.

மேலாளர் பாதி படித்துவிட்டு, "ரொம்ப நீளம்" என்றார். இதுவா நீளம்? அப்படியே மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 6

முட்டை நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்குத்தான் காய்ச்சல். கூண்டுச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு வழி?

பிப்ரவரி 10

கிழவி செத்துக் கிடக்கிறாள். கூண்டுத் தரை துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. ஒரு முட்டைகூட இல்லை.

கூட்டியது பெருக்குகிற அக்கா. மேலாளர் சொன்னாராம். "வெதைதானேம்மா, அதான் நான்..." என்று அக்கா ஆரம்பித்தார். நான் எங்கே விட்டேன்? "வெதையா? கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?" - இன்னும் என்னென்னவோ. எல்லோர் முன்னாலும். அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாற்பது உயிர். நான் கத்தியதில் என்ன தப்பு?

பிப்ரவரி 12

அக்கா மாடிக்கு வேலை மாற்றிக்கொண்டாராம். போகட்டும்.

மார்ச் 2

அந்தக் கூண்டில் இப்போது கும்பிடுபூச்சி.

ஜூன் 19

நாலு மாதமாகப் பேசாத அக்கா இன்று வந்து வாசலில் நின்றார். "அந்த வெதை மொளைச்சிருக்கும்மா. ஆனா நடக்குது."

மாடி ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. ஈர மண். மேலே நூல் நூலாகப் பதினொரு குஞ்சுகள்.

"நல்ல வெதையாச்சேன்னு மண்ணுல போட்டுத் தெனமும் தண்ணி தெளிச்சேன். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"

விதை மாதிரி என்று பலகையில் எழுதியவளே நான்தான். அந்தப் பலகையை முழுசாகப் படித்தது அக்கா ஒருவர்தான் போலிருக்கிறது.

மேலாளரிடம் போய்ச் சண்டை போட்டுக் கூண்டைத் திரும்ப வாங்கினேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.