ஒன்றரை இஞ்ச் ஓட்டை

மார்ச் 3, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டிக்கான எட்டுத் தகடுகளிலும் அண்ணன் ஓட்டை போட்டு முடித்த பிறகு குழாயை நுழைத்துப் பார்த்தோம். நுழையவில்லை. ஒன்றரை இஞ்ச் குழாய் என்றால் அது உள்ளளவு, முப்பத்தெட்டு எம்எம். வெளியே நாற்பத்தெட்டு எம்எம் வரும். 50 என்று எழுத வேண்டிய இடத்தில், முதல் தகட்டில் சாக்பீஸால் 38 என்று எழுதியவள் நான். ஆறு வருஷமாக இந்தப் பட்டறையில் அளவு குறிக்கிறேன் என்று பெருமை வேறு!

அண்ணன் திரும்புவதற்குள் துணியால் துடைத்துவிட்டேன்.

"எவ்வளவு எழுதின?"

"அம்பதுண்ணே." வாய் தானாகச் சொன்னது.

"அப்ப நான்தான் தப்பா படிச்சிருக்கேன்."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 4

ஓட்டையைப் பெரிதாக்க அவருக்கு அவசரம். வட்டமாக வெட்டும் பெரிய ஹோல்சாவை மாட்டி நேராக வைத்துவிட்டார். அதன் நடுவில் இருக்கும் துளை போடும் பிட் கடித்து நிற்க இரும்பு வேண்டுமே — அங்கேதான் ஏற்கெனவே ஓட்டை! ஹோல்சா வழுக்கி ஓடி, பல் மாட்டி, மெஷின் அவர் கையை முறுக்கிவிட்டது. மணிக்கட்டில் கட்டு. அவர் மனசு வேலையில் இல்லை. யாரால்?

மார்ச் 6

அண்ணி அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "கண்ணு நல்லாருக்குன்னா அப்ப மண்டைதான்" என்கிறார். அப்பா கடைசியில் எங்கள் பெயரையே மறந்தவர். அதைத்தான் நினைக்கிறார்.

"இனிமே நான் மெஷின தொடல. நீயே பாத்துக்க."

நானெல்லாம் என்ன ஜென்மம்?

மார்ச் 9

எட்டையும் நானே பெரிதாக்கினேன். ப்ளைவுட் துண்டில் முதலில் ஐம்பது எம்எம் வட்ட ஓட்டை வெட்டி, பழைய ஓட்டை அதற்குச் சரியாக நடுவில் வரும்படி தகட்டின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். நடு பிட்டைக் கழற்றிவிட்டேன். ஹோல்சா மரத்துக்குள் அடங்கிச் சுற்றியது, நழுவ வழியில்லை. வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, பொறுமையாக. ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஓர் இரும்பு வளையம் விழுந்தது.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைவிட நல்லா போடுற" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 10

சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் முப்பத்தெட்டுன்னுதான் எழுதினேன். துடைச்சிட்டுப் பொய் சொன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அப்ப நான் அப்பா மாதிரி ஆகலல்ல?"

"இல்லண்ணே. இல்லவே இல்ல."

அண்ணி என்னுடன் பேசவில்லை.

மார்ச் 24

கட்டுப் பிரித்தாயிற்று. புதுத் தகட்டில் அளவு எழுதி வைத்தேன். அண்ணன் மெஷினைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, நான் அளந்த குழாயை அவரும் ஒருமுறை அளந்து பார்த்தார். ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அளவு சரியாகத்தான் இருந்தது.