கோணல் மரம், கோணல் காது

நவம்பர் 11, செவ்வாய்

சாயங்காலம் ஆந்தை அலறியது. எங்கிருந்து என்று தெரியவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் இடது காது போனதிலிருந்து, சத்தம் எந்தப் பக்கம் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. அத்தை எப்போதும் இடப்பக்கமே நின்று பேசிவிட்டு, "காதுல விழுதா இல்லையா?" என்று கோபிப்பார். இன்று அவர்தான் கை காட்டினார். கிறிஸ்துமஸ் மரத்தில், வெள்ளை முகத்தோடு ஒரு கூகை.

அந்த மரம் என் வீட்டுக்காரர் நட்டது. இவர் இருப்பது குவைத்தில்.

"எம்புள்ள நட்ட மரத்துல ஒக்காந்து அலறுதே. கஜா புயல்ல சாஞ்ச மரம் வேற. வெட்டிப்புடணும்."

22ஆம் தேதி சனிக்கிழமை, மரம் வெட்டும் ஆத்மநாதன் ரம்பத்தோடு வருகிறார்.

நவம்பர் 13

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் பயம்தானே.

மரத்தடியில் முடி உருண்டைகள் கிடந்தன. குச்சியால் பிரித்தேன் – எலி மண்டை ஓடு! ஆந்தை கக்கியது.

நவம்பர் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து, போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டே நடந்தேன். எங்கள் மரத்தைப் போலவே ரம்யா வீட்டு கிறிஸ்துமஸ் மரமும் தெற்கே சாய்ந்திருக்கிறது. சூசைராஜ் சார் வீட்டு மரமும் தெற்கே. கேட்டால் ஒரே பதில்தான்: "கஜா சாச்சுட்டுப் போனதுங்க."

வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது. கஜா வந்தது 2018 நவம்பர். எங்கள் கல்யாணம் அடுத்த மே மாதம். மரம் நட்டது அதற்கும் அப்புறம்! பொறக்காத மரத்தச் சாச்சதுன்னு அந்தப் புயலையா இத்தன வருசமாத் திட்டுறோம்?

நவம்பர் 18

போனில் தேடிப் படித்தேன். இந்த ஜாதி மரம் உலகில் எங்கே நட்டாலும் பெரும்பாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாயுமாம். நமக்கு அது தெற்கு. ஏன் என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லையாம்.

கூகைக்கு ஒரு காது மேலே, ஒன்று கீழே. அந்தக் கோணலால்தான் இருட்டில் எலி இருக்கும் இடத்தைச் சரியாகப் பிடிக்கிறது.

ஒன்று நட்ட இடத்தை விட்டு நகராது; இன்னொன்று ராத்திரியெல்லாம் ஊர் சுற்றும். ஆனால் இரண்டுக்கும் கோணல்தான் இயல்பு. தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்கும் நான் இவற்றோடு சேர்த்தியா? தெரியவில்லை. ஆனால் மரம் போகக் கூடாது. அது மட்டும் தெரியும்.

நவம்பர் 22, சனி

ஆத்மநாதன் கயிறே கட்டிவிட்டார். அழுதுகொண்டே கத்தினேன். "புயலுக்கு அப்பறம் நட்ட மரம் அத்தை! ஆந்தை எலிக்கு வந்துச்சு, அவருக்கு இல்ல!"

அத்தை விரல் விட்டு வருடங்களை எண்ணினார். எனக்குக் கேட்காமல் ஏதோ முணுமுணுத்தார்.

"கயித்த அவுத்துட்டு டீ குடிச்சுட்டுப் போப்பா."

டிசம்பர் 7, ஞாயிறு

மரத்தில் ஸ்டார் கட்டினோம். வீடியோ காலில் இவருக்குக் காட்ட, மரம் நிமிர்ந்து தெரியட்டும் என்று அத்தை போனைச் சாய்த்துப் பிடித்தார்.

"மரம் நேராயிருச்சு. வீடு ஏம்மா சாஞ்சிருக்கு?"

"கஜா சாச்சுட்டுப் போச்சு," என்றார் அத்தை. சிரிக்கவேயில்லை.

இருட்டியதும் கூகை அலறியது. அத்தை சுற்றிவந்து என் வலப்பக்கம் நின்றார். தோளைப் பிடித்து மரத்தின் பக்கம் திருப்பி, மெதுவாகச் சொன்னார்: "அந்தா, வந்துருச்சு பாரு."