கிளினிக் நாளில் மட்டும் குறைகிற பிரஷர்

என் ஆசை அக்கா,

நீ திடீரென்று போய்விட்டாயாம். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "நேற்றும் என்னோட கதைச்சவா, திடீரெண்டு விழுந்திட்டா." தலைக்குள் இரத்தம் கசிந்ததாம், ஆயுள் அவ்வளவுதானாம். எனக்கு அந்தத் 'திடீர்' மேல் அன்றைக்கே சந்தேகம். நல்லாயிருந்த மனுசி கிணற்றடியில் சும்மா விழுவாளா? நீ வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, பொலிஸ்காரி தொடங்கிவிட்டாள் என்று சிரிப்பாய். சிரி.

முதலில் பாமசிக்காரனைச் சந்தேகப்பட்டேன், காலம் முடிந்த குளிசையை விற்றிருப்பான் என்று. பிறகு கிணற்றுத் தண்ணீரை, பிறகு டொக்டரை. அத்தானையும் விடவில்லை. மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கதிரையில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் உன் பிரஷர் சரியாக இருந்ததாம். பிரஷர் சரியாக இருந்தவளுக்கு ஏன் இப்படி வந்தது?

முப்பத்தோராம் நாள், உன் அந்தியேட்டி அன்று, குசினியில் சமைக்கும்போது பக்கத்து வீட்டு ராசாத்தியக்காவின் வாயை மெல்லக் கிண்டினேன். அவா தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா.

"உதில என்ன புதினம்? சாமானெல்லாம் விலை ஏறினாப் பிறகு நாங்கள் எல்லாரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தானே குளிசை போடுறம். கிளினிக் நாள் கிட்டினா மட்டும் ஒழுங்காப் போடுவம். இல்லாட்டிப் பிரஷர் கூடிக் காட்டும். டொக்டர் எல்லாருக்கும் முன்னால ஏசுவா."

"அக்காவுமோ?"

"அவதானே எங்களுக்கு இந்த வழியைச் சொல்லித் தந்தவ!"

அடி பாவி அக்கா! நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், உன்னைச் சந்தேகப்படவில்லை.

பிறகு யோசித்தேன். உரம் இல்லாமல் வயல் படுத்த வருசம்தான் ஆஸ்பத்திரியிலும் உன் குளிசை முடிந்தது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அத்தான் கூலிக்குப் போனார். நீ வீட்டில் எதைக் குறைப்பாய்? சோற்றைக் குறைத்தால் உன் மகள் தர்சி கேட்பாள். அவள் ரியூஷனை நிறுத்தினால் ஊர் கேட்கும். குளிசையைக் குறைத்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், உன் உடம்புகூட அன்றைக்கே கேட்காது. எங்கள் வட்டக்கச்சியில் எத்தனை வீட்டில் இப்படி நடந்தது என்று யாருக்குத் தெரியும்? இனி யாராவது 'திடீரென்று' செத்தார் என்றால் நான் முதலில் அந்த வீட்டுக் குசினியைத்தான் பார்ப்பேன்.

இப்போதைய புதினத்தைக் கேள். நீ போன பிறகு அத்தானைச் சோதித்துப் பார்த்தார்கள். அவருக்கும் பிரஷர். அவருக்கும் ஒரு குளிசை வெளியில்தான் வாங்க வேண்டும். வேலி கட்டும்போது பிடரியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். கேட்டால், "வெயில் பிள்ளை" என்றார். வானம் மூடிக் கிடந்தது, அக்கா! அலுமாரிக்கு மேல் பார்த்தேன். குளிசை மட்டை போன கிழமை பார்த்தபடியே இருந்தது. தர்சிக்குப் பள்ளிக்கூடச் சோதினை வருகிறது, ரியூஷன் காசுதான் காரணம் என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறக்கவில்லை. கிளினிக் கிட்டியதும் மட்டை மளமளவென்று வெறுமையானது.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் சின்னப் பிள்ளை, நல்ல சிரிப்பு.

"ஐயா, பிரஷர் நல்லாக் குறைஞ்சிருக்கு. ஒழுங்காப் போடுறீங்கள்தானே?"

"ஓம் டொக்டர்" என்றார் அத்தான், இஸ்திரி போட்ட சேட்டோடு.

"பொய் டொக்டர்" என்றேன் நான். முறைக்குக் காத்து நீள வாங்கில் குந்தியிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "இந்தக் கொஞ்ச நாளாத்தான் போட்டவர். வாங்கக் காசில்லை. என்ர அக்காவும் இப்பிடித்தான் செத்தவா."

அத்தானின் முகம் செத்துவிட்டது. டொக்டர் ஏசவில்லை. பேனையைக் கீழே வைத்தா.

"வாங்க ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொன்னா, இஞ்ச இருக்கிற வேற குளிசைக்கு மாத்தித் தருவனே. ஏன் ஒருத்தரும் சொல்லுறீங்களில்லை?"

மாற்றித் தந்தா. நீ இருந்த காலத்தில் அந்த வேறு குளிசையாவது அங்கே இருந்ததா? அந்தக் காலத்தில் பஞ்சுகூட வெளியில்தான் வாங்கச் சொன்னார்கள். அதனால் அவா சொன்னதையும் நான் முழுக்க நம்பவில்லை. ஆனாலும் நீ கேட்டிருக்கலாம், அக்கா. இல்லை என்பதைச் சொல்ல அவ்வளவு வெட்கமா? அதை நினைத்தால் உன்னோடு கோபம் கோபமாக வருகிறது. பிறகு அழுகை வருகிறது.

பஸ்ஸில் அத்தான் என்னோடு கதைக்கவே இல்லை. ஊர்ச் சனத்துக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். இறங்கி வீட்டு வேலிப் படலை வரை வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"நான் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டாப் பிறகு அவவைக் கேட்கிறனான் பிள்ளை, குளிசை போட்டாச்சோ எண்டு. ஓம் எண்டுதான் சொன்னவ. சிரிச்சுக்கொண்டு சொல்லுவா."

அப்போதுதான் அவர் அழுதார். படலையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

அக்கா, இது உனக்கு நான் தருகிற வாக்கு. இந்த வீட்டில் இனி 'ஓம்' செல்லாது. ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் நான் வருவேன். அத்தான் என் முன்னால் குளிசையை விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்ட வேண்டும். திட்டுகிறார், திட்டட்டும். தர்சிக்கு ஒரு அப்பா மிச்சம் இருக்க வேண்டும்.

உன்னையும் நம்பியிருக்கக்கூடாத,
உன் தங்கச்சி