வாசலுக்குப் போன மருந்து

ஓம் ஸ்வஸ்தியஸ்து.

அன்பு மகள் காடெக் ராதினிக்கு பாயாங்கனிலிருந்து அம்மா எழுதுவது. நம் வீட்டுக் கோயில் தெய்வங்களின் தயவில் இங்கே எல்லோரும் நலம், அப்பாவும் நலம் என்று இந்த மாதத்தில் முதல் தடவையாகப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன். அந்தத் துருக்கிக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டு வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வர வேண்டாம் மகளே. ஏன் என்று போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே குறுக்கே பேசுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

வயல் வரப்பில் வழுக்கி விழுந்து அவர் படுத்தது உனக்குத் தெரியும். படமெடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பில் ஒன்றுமில்லை, வீக்கம் வடிந்ததும் நடக்கலாம் என்றார். வீக்கமும் வடிந்தது, ஆனால் உன் அப்பா காலைத் தரையில் வைத்தால்தானே! பதினெட்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வைத்தால் முறிந்துவிடும் என்ற பயம், அதை வெளியில் சொல்ல வெட்கம். எங்கே இப்படியே படுத்துவிடுவாரோ என்று நான் மாட்டுக்கொட்டிலில் போய் அழுதுவிட்டு வருவேன். நீ அங்கே மசாஜ் நிலையத்தில் ஊர்பேர் தெரியாதவர்களின் காலுக்கெல்லாம் நம் ஊர் மருந்துப் பத்தான பொறே பூசிவிடுகிறாய், இங்கே உன் அப்பா காலுக்கு நீ இல்லையே என்றுகூட நினைத்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கடைசியில் வைத்தியக்கார ஜேரோ சுக்ரி வீட்டுக்கு வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார், காலைவிட அப்பாவின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு அரிசியோடு இஞ்சி, மஞ்சள், கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் சேர்த்து அரைத்து, சூடு தரும் பொறே என்று உருண்டையாக வாழையிலையில் மடித்துக் கொடுத்தார். சாமி முன் வைத்து எடுத்துப் பூசச் சொன்னார்.

அன்று கஜெங் கிளிவோன், படையல் நாள். வாசலில் பூதங்களுக்கு வைக்க மஞ்சள் சோறும் இஞ்சியும் வெங்காயமும் உப்புமாக நானும் ஒரு வாழையிலை மடிப்பு கட்டி, மருந்தைச் சாமி முன் வைத்திருந்த அதே தட்டில் வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன், அதுதான் வினை. மருந்து என்று நினைத்து எடுத்த மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் பருக்கை பருக்கையாக இருக்கிறது. ஜேரோவுக்கும் வயதாகிவிட்டது, சரியாக அரைக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு நானே கல்லில் இன்னொரு தடவை அரைத்து அப்பாவின் காலில் பத்துப் போட்டேன். மற்ற மடிப்பை உன் அண்ணி வர்தி கொண்டுபோய் வாசலில் பிரித்து வைத்து, ஊதுவத்தி ஏற்றி, தண்ணீர் தெளித்து வந்தாள். இருட்டத் தொடங்கிய நேரம், உருண்டை மஞ்சளாக இருந்தது, அவளை என்ன சொல்வது? நம் நாய் போய் மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு திரும்பியது. அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டு ரெனா நின்று, “என்னக்கா, உங்க வீட்டு பூதத்துக்குச் சளியா? கிராம்பும் ஜாதிக்காயும் வெச்சிருக்கீங்க” என்று கத்தினாள்.

அவ்வளவுதான். “என் மருந்த யாருடி வாசல்ல வெச்சது?” என்று கேட்டுக்கொண்டே அப்பா கட்டிலிலிருந்து இறங்கி, முற்றத்தைத் தாண்டி, காலில் ஒட்டிய சோற்றோடு வாசலுக்கே வந்துவிட்டார். நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தோம். அப்புறம்தான் அவரும் குனிந்து பார்த்தார். வர்தி சிரித்தாள், எனக்கு அழுகை வந்தது, அவர் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார், ஆனால் உட்காரவில்லை.

மறுநாள் காலை பூதங்களிடமும் ஜேரோவிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஜேரோ வயிறு குலுங்கச் சிரித்து, “அது என் மருந்துல இல்லம்மா, சோத்துலயும் இல்ல. அவருக்கு எந்திரிக்க ஒரு கோவம் வேணும், அது நேத்து கெடச்சுது” என்றார். புதுப் பொறேயும் கொடுத்திருக்கிறார், இப்போது நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பூசுகிறேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். கஷாய இலை அனுப்பியிருக்கிறேன், கசக்கிறது என்று கொட்டிவிடாதே. ஒப்பந்தத்தை முடித்துவிட்டு கலுங்கான் பண்டிகைக்கு வந்தால் போதும். நம் முன்னோர்கள் உனக்குத் துணையிருப்பார்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வண்டியில் கொண்டுபோகிறேன் என்று உன் அண்ணன் சொல்லியும் அப்பா கேட்கவில்லை, இந்தக் கடிதத்தைத் தபாலாபீசுக்கு நடந்தே கொண்டுபோய்ப் போடுவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். இது உன் கைக்குக் கிடைத்தால், அவர் அவ்வளவு தூரம் நடந்துவிட்டார் என்று தெரிந்துகொள்.

அன்புடன்,
உன் அம்மா,
கெதுத் சுமெர்த்தி